கடற்கரை வீட்டின் கதை – 4: ஏலத்துக்கு வந்த கெர்னன் கோட்டை

ஜன்னலே இல்லாத ஒரு வீட்டை யார் வாங்குவார்கள்? சென்ற வாரம் இந்தக் கேள்வியோடுதான் நிறுத்தியிருந்தோம்.

இந்த வாரம் புதிதாகச் சேர்ந்துகொள்பவர்களுக்குக் கொஞ்சம் முன்கதை. பாஸ்டன் நகரத்து வியாபாரி ஃபிரெடரிக் டூடர், குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் ஏரிகளைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் புதைத்துக் கப்பலேற்றியவர். 1833-ல் ‘டஸ்கனி’ என்ற கப்பல் 180 டன் பனிக்கட்டியோடு பாஸ்டனை விட்டுக் கிளம்பியது. நான்கு மாதம் கழித்துக் கல்கத்தா வந்து சேர்ந்தபோது சுமார் 100 டன் கரையாமல் மிஞ்சியிருந்தது. அந்தத் தெம்பில் கல்கத்தா, பம்பாய், சென்னை மூன்று ஊரிலும் கிடங்குகள் எழுந்தன. சென்னைக் கிடங்கு 1842-ல் கட்டப்பட்டது. அப்போது இங்கே துறைமுகம் கிடையாது. கப்பல் தொலைவில் நங்கூரம் போட்டு நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள் அலைகளைத் தாண்டிப் போய்ச் சரக்கை இறக்கிவரும். மணலிலிருந்து கிடங்குவரை தலைச்சுமைதான். வெயிலில் ஒவ்வோர் அடி நடைக்கும் லாபம் சொட்டிக்கொண்டே போகும் வியாபாரம் அது. கிடங்கைக் கடலை ஒட்டிக் கட்டியது அதனால்தான்.

டூடர் 1864-ல் காலமானார். அடுத்த சில ஆண்டுகளில் நீராவி இயந்திரம் கொண்டு உள்ளூரிலேயே ஐஸ் செய்யக் கற்றுக்கொண்டார்கள். பாஸ்டன் பனிக்கட்டிக்கு இனி வேலை இல்லை. கடற்கரையில் தடித்த சுவர்களோடு ஒரு வட்டக் கட்டடம் மட்டும் மிஞ்சி நின்றது. காற்று உள்ளே வரக்கூடாது என்றே கட்டிய சுவர்கள் அவை.

வாங்க வந்தவர் ஒரு வக்கீல். பெயர் பிலிகிரி ஐயங்கார். சென்னை உயர் நீதிமன்றத்தில் தொழில் செய்தவர்.

இந்த மனிதரை நாம் மறந்துவிட்டோம் என்பது எனக்கு ஆறாத வருத்தம். கிடங்கை வீடாக்கிய கை அவருடையது. சுற்றிலும் வளைந்து ஓடும் தாழ்வாரங்களைச் சேர்த்தார். சுவர்களை உடைத்து ஜன்னல்கள் வைத்தார். இன்று காமராஜர் சாலையில் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கும் முகப்பு பெரும்பாலும் அந்தத் திருத்தத்தில் வந்ததுதான். அத்தனை செய்தும் வீட்டுக்குள் காற்றோட்டம் போதவில்லை. பனியைக் காக்க எழுப்பிய சுவர் அவ்வளவு சுலபத்தில் பிடிவாதத்தை விடவில்லை. ஆனாலும் ஐயங்கார் அங்கேயே குடியிருந்தார், வசதியில்லாத மாணவர்கள் தங்கவும் இடம் கொடுத்தார். வீட்டுக்குத் தம் பெயரையோ குலதெய்வத்தின் பெயரையோ அவர் வைக்கவில்லை. தாம் மதித்த உயர் நீதிமன்ற நீதிபதி கெர்னனின் பெயரை வைத்தார். ‘காசில் கெர்னன்’, அதாவது கெர்னன் கோட்டை. ஊர் ஜனங்கள் என்னவோ விடாப்பிடியாக ‘ஐஸ் ஹவுஸ்’ என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அந்தக் கோட்டையின் வாசலுக்கு 1897 பிப்ரவரி 6-ம் தேதி ஒரு வண்டி வந்தது. வண்டியில் குதிரைகள் இல்லை.

எழும்பூர் ஸ்டேஷனில் புறப்படும்போது குதிரைகள் இருந்தன. வழியில் மாணவர்கள் அவற்றை அவிழ்த்துவிட்டுத் தாங்களே வண்டியை இழுக்கத் தொடங்கிவிட்டார்கள். உள்ளே காவியுடையில் விவேகானந்தர். உடன் வந்தவர் நீதிபதி சுப்பிரமணிய ஐயர். ஜனவரி 15-ல் கொழும்பில் கரையிறங்கி, பாம்பன், ராமநாதபுரம், மதுரை, கும்பகோணம் என்று ஒவ்வோர் ஊராக வரவேற்பு வாங்கிக்கொண்டு வந்தவருக்குச் சென்னையில் கிடைத்த கூட்டம் அதையெல்லாம் மிஞ்சியது.

இங்கே ஒரு நிமிஷம் நான்காண்டுகள் பின்னால் போக வேண்டும். இதே விவேகானந்தர் 1893-ல் சென்னையில் தங்கியிருந்தபோது அவர் பெயர் தெரிந்தவர்கள் ஒரு சில இளைஞர்கள்தான். அவர்களில் முதல்வர் திருவல்லிக்கேணி அளசிங்கப் பெருமாள். அவர் ஒரு பள்ளி ஆசிரியர். சுவாமியை சிகாகோவுக்கு அனுப்ப வீடு வீடாகப் போய்ச் சந்தா வசூலித்தவர் அவர். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் நடுத்தரக் குடும்பத்தினர். அந்தச் சில்லறைக் காசுகள் என்ன செய்தன என்பதை ஊர் கண்ணால் பார்த்த நாள் இந்த பிப்ரவரி 6.

ஒன்பது நாள் அந்த வீட்டில் கதவு சாத்தப்படவில்லை என்றே சொல்ல வேண்டும். தர்க்கம் பண்ண வந்த பண்டிதர்கள், கேள்வியோடு வந்த கல்லூரிப் பிள்ளைகள், கோயிலுக்கு வருவது போல வந்து நமஸ்கரித்துப் போன பெண்கள் என்று எல்லோரும் வந்தார்கள். வந்த மறுநாள் விக்டோரியா ஹாலில் வரவேற்பு. உள்ளே இருந்தவர்களைவிட வெளியே நின்றவர்கள் பல மடங்கு. அவர்களை விட்டுவிட்டு உள்ளே பேச மனமில்லாமல் சுவாமி வெளியே வந்தார், ஒரு வண்டியின் மேல் ஏறி நின்றார். கீதை சொன்ன கண்ணனைப் போலத் தேர்த்தட்டிலிருந்து பேசுகிறேன் என்றார். கூச்சலில் அதிகம் பேச முடியவில்லை. அடுத்த நாட்களில் வரிசையாகச் சொற்பொழிவுகள். ‘இந்தியாவின் எதிர்காலம்’ என்ற கடைசி உரைக்கு எந்த மண்டபமும் போதாது என்று ஒரு சர்க்கஸ் கூடாரத்தையே பிடிக்க வேண்டியிருந்தது.

இந்த உரைகள் நம் கைக்கு எப்படி வந்தன? கூடவே ஒரு ஆங்கிலேய இளைஞர் சுருக்கெழுத்துப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். பெயர் குட்வின். பேச்சு முடிந்ததும் அதை முழுசாக எழுதி எடுப்பது அவர் வேலை. அவர் இல்லாதிருந்தால் சென்னைப் பேச்சுகள் கடற்காற்றோடு போயிருக்கும். அடுத்த ஆண்டே, 1898 ஜூனில், உதகமண்டலத்தில் அவர் காலமானார். காசில் கெர்னனின் விருந்தாளிகள் பட்டியலில் இந்தப் பெயரையும் நான் சேர்த்தே சொல்வேன்.

புறப்படுவதற்கு முன்னால் சென்னை அன்பர்கள் சுவாமியிடம் ஒரு வரம் கேட்டார்கள். நீங்கள் போய்விடுவீர்கள், இங்கே நிரந்தரமாக ஒருவரை அனுப்புங்கள் என்றார்கள். உங்கள் ஊர் ஆசாரசீலர்களையும் மிஞ்சும் ஆசாரசீலர் ஒருவரை அனுப்புகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு பிப்ரவரி 15-ல் கல்கத்தாவுக்குக் கப்பலேறினார்.

அடுத்த மாதமே வந்து இறங்கினார் அந்த ஒருவர். சுவாமி ராமகிருஷ்ணானந்தர், அன்பர்கள் வாயில் சசி மகராஜ். குரு ராமகிருஷ்ணரின் அஸ்தி வைத்த பூஜையறையைப் பல ஆண்டுகளாக விட்டு நகராதவர், சொன்ன சொல்லுக்காக ஒரே மூச்சில் சென்னைக்குக் கிளம்பிவிட்டார். முதலில் ஐஸ் ஹவுஸ் சாலையில் ஒரு சிறிய வீடு. சீக்கிரமே பிலிகிரி ஐயங்கார் தம் கோட்டையின் கீழ்த்தளத்தைத் திறந்துவிட்டார். தென்னாட்டு ராமகிருஷ்ண மடம் அங்கேதான் வேர்விட்டது.

பின்னாளில் எழும்பிய பெரிய மடத்தைப் பார்த்து இந்த ஆரம்பத்தைக் கற்பனை செய்யக் கூடாது. ஒரு சாமியார், ஒரு குருபடம், கையில் காசில்லாத நாட்கள். தாமே சமைத்து, தாமே பூஜை செய்து, ஊரின் மூலைமுடுக்கெல்லாம் வகுப்பெடுக்கப் போய்வருவார். ஒரு நாள் வகுப்புக்கு ஒருவரும் வரவில்லை. நேரம் முடியும்வரை அங்கேயே தியானத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினாராம். கோடை இரவில் புழுக்கம் தாங்காமல் விழித்துக்கொண்டால், தமக்கு விசிறிக்கொள்ளாமல் நேரே பூஜையறைக்குப் போய் குருநாதர் படத்துக்கு விசிறுவார். பக்தி என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

இப்படி ஐந்து வருஷம். 1902 ஜூலையில் விவேகானந்தர் மறைந்தார். அதே ஆண்டில் பிலிகிரி ஐயங்காரும் போய்ச் சேர்ந்தார். ஒரே குருவிடம் உடனிருந்த சகோதரச் சீடரும் இல்லை, வீட்டுக்காரரும் இல்லை. வாடகை கேட்காமல் இடம் கொடுத்த மனிதர் போன பிறகு அந்த வீடு எத்தனை நாள் நிலைக்கும்?

நான்கு வருஷம் நிலைத்தது. 1906-ல் காசில் கெர்னன் ஏலத்துக்கு வந்தது.

ஏலம் நடந்தது அந்த வளாகத்திலேயே. அன்பர்களுக்கு ஆசை, மடத்துக்கு அனுதாபமுள்ள யாராவது எடுத்துவிட வேண்டும் என்று. கேள்வி ஏற ஏற அவர்கள் முகம் மாறுகிறது. சசி மகராஜ் எங்கே? வளாகத்தின் ஒரு கோடியில், உடைந்துபோன ஒரு பழைய பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். ஏலம் நடக்கும் பக்கம் திரும்பவே இல்லை. இளைஞர் ஒருவர் அங்கும் இங்கும் ஓடி, கேள்வி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று வந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார். கடைசியில் மகராஜ் நிமிர்ந்து பார்த்தார். யார் வாங்கினால் நமக்கென்ன, குருமகராஜுக்கு ஒரு சின்ன அறை போதும், எந்த மூலையிலும் நான் இருந்துகொள்வேன் என்ற பொருளில் சொன்னார். மறுபடி மௌனம்.

சுத்தியல் விழுந்தது. வீடு ஒரு ஜமீன்தார் கைக்குப் போயிற்று.

விவேகானந்தர் ஒன்பது நாள் பேசிய வீட்டைக் காலி செய்து, குருபடத்தைக் கையில் ஏந்தி, அதே வளாகத்திலிருந்த புறவீடு ஒன்றுக்குப் போனார் சசி மகராஜ். 1907 நவம்பரில் மயிலாப்பூரில் மடத்துக்கென்று ஒரு சிறு கட்டடம் எழுந்தது. அங்கே போனவர் 1911 ஆகஸ்டில் மறையும்வரை கோட்டைக்குத் திரும்பவில்லை. சட்டப்படி அந்த வீட்டுக்குப் பாத்தியதை கொண்டாட அவரிடம் ஒரு துண்டுப் பத்திரம்கூட இருந்ததில்லை. ஆனால் ஏலத்தில் ஜெயித்தவர் பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது, பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரை ஊர் மறக்கவில்லை.

மாணவர்களும் இல்லை, பஜனையும் இல்லை. அந்தப் பெரிய வட்ட வீடு மறுபடி ஆளுக்காகக் காத்திருந்தது.

சசி மகராஜ் மறைந்த அதே 1911-ல், அங்கிருந்து நடை தூரத்தில் கடலைப் பார்த்து நிற்கும் மாநிலக் கல்லூரியில் ஒரு பெண் பி.ஏ. முடித்தார். வயது இருபத்தைந்து. பதினொன்றாவது வயதில் கல்யாணம், அந்தச் சூட்டோடு கைம்மை. கல்லூரிக்கு நடந்து போகும் வழியெல்லாம் ஏச்சுப் பேச்சு வாங்கியவர். அடுத்த ஆண்டே, தன்னைப் போலவே தாலி இழந்த சிறுமிகளை எழும்பூரில் ஒரு வீட்டில் சேர்த்துக்கொண்டு படிக்கவைக்கத் தொடங்கினார். சிறுமிகள் வந்துகொண்டே இருந்தார்கள். வீடு போதவில்லை. விதவைப் பெண்களுக்கு அக்கம்பக்கத்தில் இடம்கொடுக்க அன்றைய சென்னையில் எத்தனை பேர் முன்வருவார்கள்? அவர் கண் கடற்கரைப் பக்கம் திரும்பியது.

அவர் பெயர் ஆர்.எஸ். சுப்புலட்சுமி. ஊர் பின்னால் ‘சகோதரி சுப்புலட்சுமி’ என்று கொண்டாடியவர்.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். ஐஸ் ஹவுஸ் விடுதியில் தங்கிப் படித்த பாட்டியோ கொள்ளுப்பாட்டியோ உங்கள் வீட்டில் இருந்திருந்தால், அவர்கள் சொல்லிக் கேட்டதை இன்றே ஒரு தாளில் எழுதி வையுங்கள். அடுத்த வாரம் நாம் நுழையப்போவது அவர்கள் தூங்கி எழுந்த கூடத்துக்குள்.

(தொடரும்)