உடுவிற் செம்மண்ணும் அரச மானியமும்

இலங்கையின் வேளாண்மை மானிய வரலாறு பெரும்பாலும் நெல்லின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1948ஆம் ஆண்டின் உத்தரவாத விலைத் திட்டம் நெல்லுக்கு நிலையான கொள்விலையை வழங்கிற்று. 1962இல் தொடங்கிய பசளை மானியமும் நெல் விளைச்சலைப் பெருக்குதலையே முதன்மை நோக்காகக் கொண்டிருந்தது. நெல்லை அளவுகோலாகக் கொண்ட இக்கொள்கை, தோட்டச் செய்கையால் வாழ்ந்த உடுவிற் பகுதியை எவ்வாறு பாதித்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடுவில், இணுவில், சுன்னாகம், ஏழாலை ஆகிய ஊர்கள் வலிகாமத்தின் செம்மண் வலயத்தில் அமைந்தவை. இங்கு ஆறில்லை, பெருங்குளப் பாசனமும் இல்லை. சுண்ணக்கற் பாறையில் தேங்கும் மழைநீரைக் கிணற்றிலிருந்து இறைத்தே புகையிலையும் மிளகாயும் வெங்காயமும் விளைவிக்கப்பட்டன. தோட்டக்காணி பரப்புக் கணக்கில் அளக்கப்படுவது. 16 பரப்பு ஓர் ஏக்கராகும். துலா மிதித்து நீரிறைத்தும், குழை தாழ்த்தும், ஆட்டுப்பட்டி அடைத்தும் நிலத்தைப் பேணிய கமக்காரர், இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் இரசாயனப் பசளைக்கும் மாறினர்.

இவர்கட்குக் கிட்டிய மிகப் பெரிய அரச உதவி, மானியம் என்ற பெயரில் வந்ததன்று. 1970 முதல் 1977 வரை ஆட்சி புரிந்த சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. விலை உயர்ந்தது, குடாநாட்டுத் தோட்டங்கள் செழித்தன. இதற்கெனத் திறைசேரி நேரடியாகப் பணம் வழங்கவில்லை. உண்மையில் அம்மானியத்தைச் செலுத்தியவர்கள் நாடெங்குமிருந்த நுகர்வோரேயாவர். 1977இன் பின் இறக்குமதிக் கட்டுப்பாடுகள் தளர்ந்தபோது, இவ்வளம் எத்துணை நிலையற்றது என்பது புலனாயிற்று.

1990இல் பசளை மானியம் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டில் போர் மீண்டும் மூண்டதால் பசளையும் எரிபொருளும் குடாநாட்டுக்கு வருவது தடைப்பட்டது. 1995 ஒக்டோபரில் வலிகாம மக்கள் ஊர்களை விட்டே இடம்பெயர்ந்தனர். இடையில் 1994இல் மானியம் மீள வழங்கப்பட்டதாயினும், உழவரற்ற தோட்டத்துக்கு அதனால் விளைந்த பயன் யாது?

2005இன் பின்னர் 50 கிலோகிராம் பசளைப் பை 350 ரூபாவுக்கு வழங்கப்பட்டது. அச்சலுகையும் நெற்செய்கையையே முதன்மையாக நோக்கியது. 2016இல் பசளைக்குப் பதிலாகப் பணம் வழங்கும் முறை வந்தது. நெற்செய்கையாளருக்கு ஆண்டொன்றுக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபா. உச்ச வரம்பு 2 ஹெக்டேயர். பரப்புக் கணக்கிற் பிரித்தால் இது பரப்பொன்றுக்கு ஏறத்தாழ 630 ரூபாவே. சில பரப்புகளையே உடைய குடும்பங்கள் நிறைந்த பகுதியில், ஹெக்டேயர்க் கணக்கில் வகுத்த கொடை எவ்வளவு சுருங்கிவிடும் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி முற்றாகத் தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டமை, ஒரே ஆணையால் உழவரின் பருவம் குலையக்கூடும் என்பதைக் காட்டிற்று.

இவ்வரலாற்றுக்கு மற்றொரு பக்கமும் உண்டு. செம்மண்ணில் இடப்படும் யூரியாவின் ஒரு பகுதி நைத்திரேற்றாகக் கரைந்து, வெடிப்புகள் நிறைந்த சுண்ணக்கல்லினூடாக நிலத்தடி நீரை அடைகிறது. மலக்குழிகளின் கசிவும் அதனோடு சேர்கிறது. 1980கள் முதலாக நிகழ்ந்த ஆய்வுகள் வலிகாமக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்திருப்பதை எடுத்துரைத்துள்ளன. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராமாகும். தோட்டத்துக்கு இறைக்கப்படும் நீரும் குடத்தில் மொள்ளப்படும் நீரும் இங்கு ஒரே நிலத்தடி ஊற்றினவே.

ஆகவே, பையையும் ஹெக்டேயரையும் எண்ணிய அரசு, இம்மண்ணின் முதலீடான கிணற்றை எண்ணத் தவறியது எனலாம். மானியம் தேவையற்றது என்பது இதன் பொருளன்று. சிறு கமக்காரன் சந்தையின் ஏற்றத்தாழ்வைத் தனித்துத் தாங்கவியலான். எனினும் குழைக்கும் எருவுக்கும் மழைநீர்ச் சேமிப்புக்கும் உரிய இடத்தை மானியக் கணக்கில் அளிக்காதவரை, அவன் இன்று பெறும் தொகையின் ஒரு பகுதியை அவன் பிள்ளைகள் தம் குடிநீரிலிருந்தே திருப்பிச் செலுத்த நேரிடும்.