பல்லிலே படலம், சொல்லிலே சாலம்

நாவால் பல்லைத் தடவிப் பாருங்கள், தோழர்களே! படலமொன்று தட்டுப்படும். அமெரிக்க மக்களிடம் இப்படிச் சொல்லித்தான் பெப்சோடெண்ட் பற்பசையை விற்றார் கிளாட் ஹாப்கின்ஸ். தடவினர், தட்டுப்பட்டது. தட்டுப்படாமலா போகும்? எவர் பல்லிலும் எந்நாளும் படிவதன்றோ அது! வெறுந் தூரிகையால் தேய்த்தாலும் பெரிதும் அகலும். உள்ளதைக் காட்டி உள்ளத்தைக் கலக்கி, அழகு தருவோம் வாரீர் என்றழைத்த அந்த வித்தையை, 1927-இல் வெளிவந்த தம் நூலில் அவரே விளக்குகிறார். வெட்கத்தோடா? இல்லை, பெருமிதத்தோடு!

1930-களில் 'இரியம்' வந்தது. நுரை தரும் சோடியம் லாரில் சல்பேட்டுக்கு இட்ட புனைபெயர் அது. பொருள் புரியாதிருக்கும்வரைதானே மந்திரத்துக்கு மதிப்பு!

1960-இல் காட்சி மாறிற்று. ஃப்ளூரைடு கலந்த கிரெஸ்ட் பற்சிதைவைத் தடுக்க உதவும் என அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் ஏற்றது. ஆய்வு பேசியது, வரவேற்கிறோம். ஆனால், ஆய்வின் ஆடையை உடுத்தி வேறொன்றும் உலவலாயிற்று. பல் மருத்துவர்களில் 80 விழுக்காட்டிற்கும் மேற்பட்டோர் கோல்கேட்டைப் பரிந்துரைப்பதாகப் பிரிட்டனிலே சுவரொட்டி! எஞ்சியோர் மட்டுமே பிற பசைகளைச் சொன்னார்கள் என்றுதானே எண்ணுவோம்? கேட்ட முறையோ வேறு. மருத்துவர் ஒருவரே பல பெயர்களைச் சொல்லலாம். போட்டிப் பசையொன்றும் ஏறக்குறைய அதே அளவு சொல்லப்பட்டிருந்தது. 2007-இல் அந்நாட்டு விளம்பரத் தர ஆணையம் அச்சுவரொட்டிக்குத் தடை விதித்தது.