குடும்பச் சாயல்

குடும்பச் சாயல் என்பது, ஒரே பெயரால் அழைக்கப்படும் பொருட்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு பண்பு இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. ஒன்றன்மேல் ஒன்று படிந்து குறுக்கும் நெடுக்குமாகச் செல்லும் ஒற்றுமைகளே அவற்றை இணைக்கக்கூடும் என்னும் மெய்யியல் கருத்தாகும். ஒரு குடும்பத்தில் மூக்கு சிலருக்கும் நடை வேறு சிலருக்கும் ஒத்திருப்பதிலிருந்து இப்பெயர் வந்தது.

மெய்யியலில்

லுட்விக் விட்கென்ஸ்டைன் (1889–1951) எழுதி 1953 இல் வெளியான "மெய்யியல் ஆய்வுகள்" நூலால் இக்கருத்து பரவலாக அறியப்பட்டது. அவர் காட்டிய எடுத்துக்காட்டு விளையாட்டு. சிலவற்றில் வெற்றி தோல்வி உண்டு. பந்தைச் சுவரில் எறிந்து பிடிக்கும் சிறுவனுக்கு அது இல்லை. எந்த ஓர் இழையும் முழு நீளத்துக்கும் ஓடாவிட்டாலும், பல இழைகள் பின்னிக்கிடப்பதால் நூல் உறுதியாக இருக்கிறது என்றார் அவர்.

உளவியலில்

எலினோர் ரோஷ், கரோலின் மெர்விஸ் ஆகியோர் 1975 இல் இக்கருத்தைச் சோதனைக்கு உட்படுத்தினர். பழம், ஊர்தி, ஆயுதம் போன்ற வகைகளில், பிற உறுப்புகளோடு மிகுதியான பண்புகளைப் பகிரும் உறுப்பையே மக்கள் அவ்வகையின் சிறந்த எடுத்துக்காட்டாகக் கொள்கின்றனர் என்று கண்டனர். இது முன்மாதிரிக் கோட்பாட்டிற்கு வலுச்சேர்த்தது.

தலவரலாறுகளில்

மானிடவியலாளர் காபிரியேலா ஐசிங்கர் பெரோ-லுட்சி, பால் சொரியும் பசு, குருதி வடியும் இலிங்கம் ஆகிய கூறுகளைக் கொண்ட இந்தியக் கோயில் கதைகளை இம்முறையில் ஆராய்ந்து 1987 இல் நூலாக வெளியிட்டார். பரவலாக வழங்கும் நான்கு தலவரலாறுகளைக் கொண்டு இம்முறையை விளக்கலாம்:

* பேரூர் (கோயம்புத்தூர்): காமதேனு புற்றின்மீது பால் சொரிந்தது, கன்றின் குளம்பு பட்டுக் குருதி வந்தது, இலிங்கம் வெளிப்பட்டது.
* அன்னூர் மன்னீசுவரர் கோயில்: அன்னி என்னும் வேடன் கிழங்கு தோண்டியபோது குருதி வந்தது, இலிங்கம் வெளிப்பட்டது. பசுவும் பாலும் இல்லை.
* திருவான்மியூர்: காமதேனு இலிங்கத்தின்மீது பால் சொரிந்தது, குளம்புத் தடம் பதிந்தது. குருதி இல்லை.
* திருமலை: பசு புற்றிலிருந்த பெருமாளுக்குப் பால் சொரிந்தது; இடையனின் கோடரி பட்டுக் குருதி வந்தது. இலிங்கம் இல்லை.

அன்னூர்க் கதையும் திருவான்மியூர்க் கதையும் இலிங்கத்தால் மட்டுமே இணைகின்றன; அன்னூரும் திருமலையும் குருதியால் மட்டுமே இணைகின்றன. பசு, பால், குருதி, இலிங்கம் ஆகியவற்றுள் எதுவும் நான்கிலும் இல்லை. இந்நான்கனுள் பேரூர்க் கதையே பிறவற்றோடு மிகுதியாக ஒத்திருப்பதால், ரோஷின் அளவுகோலின்படி அதுவே முன்மாதிரியாகும். எனினும், "பால் சொரியும் பசு" என்பதையே இலக்கணமாக வைத்தால் அன்னூர்க் கதை இக்குடும்பத்திலிருந்து விலக்கப்பட்டுவிடும்.

விமர்சனம்

எப்பொருளும் வேறெப்பொருளோடும் ஏதோ ஒருவகையில் ஒத்திருப்பதால், இம்முறையில் ஒரு வகையின் எல்லையை எங்கே நிறுத்துவது என்பது முதன்மையான எதிர்வாதம். மேற்கண்ட கதைகளுக்குத் "தெய்வம் வெளிப்படுதல்" பொதுப் பண்பு எனலாம்; ஆனால் அது தொடர்பற்ற பல கதைகளுக்கும் பொருந்தும். இந்திய அளவையியல் இக்குறையை அதிவியாப்தி என்றும், உரிய பொருளையே விட்டுவிடும் குறையை அவ்வியாப்தி என்றும் அழைக்கிறது. குடும்பச் சாயல் இரண்டாவது குறையைத் தவிர்க்கிறது. முதலாவதைத் தவிர்க்க, எந்த ஒற்றுமைகள் கணக்கில் வரும் என்பதை ஆய்வாளர் முன்கூட்டியே வரையறுக்க வேண்டியுள்ளது.