கடல் இல்லாத மாவட்டத்தில் ஒரு கடற்போர்

பெரம்பலூர், அரியலூர் இரண்டு மாவட்டங்களுக்கும் கடற்கரை கிடையாது. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், இடையில் கரிசல் மண்ணும் சுண்ணாம்புப் பாறையும்தான். ஆனாலும், கடலை யார் ஆள்வது என்ற போட்டியில் பிறந்த ஒரு போர் 1751-ல் இங்கே நடந்திருக்கிறது. அது நடந்த இடம், பெரம்பலூரிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில் வாலிகண்டபுரம் அருகே உள்ள ரஞ்சன்குடி கோட்டை.

உள்நாட்டில் இருக்கும் ஒரு கோட்டைக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு? கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும்.

17-ம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையெங்கும் ஐரோப்பியர்கள் கோட்டை கட்டினார்கள். தரங்கம்பாடியில் டேனியர்கள், சென்னையில் ஆங்கிலேயர்கள், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள். 1690-ல் கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டையையும் ஆங்கிலேயர்கள் வாங்கினார்கள். இந்தக் கோட்டைகள் காத்தது மக்களை அல்ல, கம்பெனியின் சரக்கையும் பணத்தையும்தான். உள்நாட்டு அரசர்களிடம் இருந்த அதே அளவு பயம் அவர்களுக்குக் கடல் வழியாக வரும் இன்னொரு ஐரோப்பியனிடமும் இருந்தது.

அந்தப் பயம் 1746-ல் உண்மையானது. பிரெஞ்சுத் தளபதி லா போர்தொனே கப்பற்படையோடு வந்தார். சென்னையைக் காக்க வேண்டிய ஆங்கிலக் கப்பல்கள் அப்போது விலகிப் போயிருந்தன. சில நாட்களிலேயே செயின்ட் ஜார்ஜ் கோட்டை சரணடைந்தது. சுவர் இருந்தது, பீரங்கி இருந்தது, கப்பல் இல்லை! ஆங்கிலேயர்கள் தங்கள் தலைமையிடத்தைக் கடலூருக்கு மாற்றிக்கொண்டார்கள். உடன்படிக்கைப்படி 1749-ல்தான் சென்னை திரும்பக் கிடைத்தது.

கரையில் தொடங்கிய இந்தப் பகை அதோடு நிற்கவில்லை. ஆற்காடு நவாப் பதவிக்கு சந்தா சாகிபும் முகமது அலியும் மோதினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஒருவரையும் ஆங்கிலேயர்கள் மற்றவரையும் ஆதரித்தார்கள். முகமது அலி திருச்சியில் இருந்தார். அங்கே போகும் வழியில் இருந்தது ரஞ்சன்குடி.

1751-ல் கேப்டன் ஜின்ஜென் தலைமையில் ஆங்கிலப் படை வந்தது. எதிரே சந்தா சாகிபின் படையும் பிரெஞ்சுக்காரர்களும். கோட்டைத் தலைவரின் நிலையை நினைத்துப் பாருங்கள். யார் ஜெயிப்பார் என்று தெரியாமல் ஒரு பக்கம் சாய்ந்தால் எல்லாம் போய்விடும். அதனால் இரு தரப்புக்கும் பிடிகொடுக்காமல் பேசியே நாட்களைக் கடத்தினார். பொறுமை இழந்த ஆங்கிலேயர்கள் கோட்டையை ஒட்டிய பேட்டையைத் தாக்கினார்கள். மேலே இருந்த கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. பிறகு நடந்த சண்டையில் ஆங்கிலச் சிப்பாய்கள் பீதியில் பின்வாங்கினார்கள். படை திருச்சி நோக்கி ஒதுங்கியது. அந்தப் படையில் இருந்தவர்களில் ஒருவர் ராபர்ட் கிளைவ். அதே ஆண்டில் அவர் ஆற்காட்டைப் பிடித்தது தனிக்கதை.

ரஞ்சன்குடியில் தோற்றவர்கள்தான் கடைசியில் ஜெயித்தார்கள். எப்படி? பதில் மறுபடியும் கடலில்தான் இருக்கிறது. 1758-ல் பிரெஞ்சுத் தளபதி லாலி செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்து இடித்தார். அடுத்து சென்னையை முற்றுகையிட்டார். 1759 பிப்ரவரியில் ஆங்கிலக் கப்பல்கள் உதவியோடு வந்து சேர்ந்ததும் முற்றுகையைக் கைவிட்டார். 1761 ஜனவரியில், நிலத்திலும் கடலிலும் வழி அடைபட்ட புதுச்சேரி வீழ்ந்தது. கரையில் எவ்வளவு பெரிய கோட்டை கட்டினாலும், கடலில் கப்பல் இல்லாதவனுக்கு அது கூண்டுதான்.

இந்தப் பாடம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராகக் கொண்ட ராஜேந்திர சோழன், 1025 வாக்கில் கடாரம் வரை கப்பற்படை அனுப்பியவன். தலைநகரம் உள்நாட்டில் இருந்தாலும் அவன் கை கடலில் இருந்தது. சுமார் 700 ஆண்டுகளுக்குப் பிறகு ஆற்காடு நவாபுகளிடம் குதிரை இருந்தது, யானை இருந்தது, மலைக்கோட்டை இருந்தது. ஐரோப்பியரை எதிர்க்கும் கப்பற்படை மட்டும் இல்லை. அதனால் தங்கள் நாட்டின் வாசலை யார் காப்பது என்பதை அந்நியர்கள் இருவர் தங்களுக்குள் சண்டையிட்டு முடிவு செய்தார்கள்.

ரஞ்சன்குடி கோட்டை இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அதன் சுவர்கள் 1751-ல் தோற்கவில்லை. ஆனால் கடலைக் கைவிட்ட ஒரு நாட்டை அந்தச் சுவர்களால் காப்பாற்றவும் முடியவில்லை.