ஈர மரத்துக்கு வெயில் ஆகாது

1966, நவம்பர் 4. வெள்ளிக்கிழமை. இத்தாலியில் அன்று தேசிய விடுமுறை. ஃப்ளாரன்ஸ் நகரத்துக் கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. பொழுது விடியும் நேரத்தில் ஆர்னோ நதி கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்துவிட்டது. சான்டா குரோச்சே தேவாலயம் இருக்கும் பக்கம் கொஞ்சம் பள்ளம். அங்கே சில இடங்களில் தண்ணீர் இருபது அடியைத் தொட்டது. வெறும் தண்ணீராக இருந்தால்கூடப் பரவாயில்லை. குளிர்காலம் வருகிறதே என்று வீடுகளைச் சூடாக்கும் எண்ணெயைத் தொட்டி தொட்டியாக நிரப்பி வைத்திருந்தார்கள். அதுவும் சேறும் சாக்கடையும் ஒன்றாகக் கலந்து வீட்டுக்கு வீடு புகுந்தது.

அந்தத் தேவாலய மியூசியத்தில் ஓர் ஓவியம் இருந்தது. ஜார்ஜோ வசாரி 1546-ல் வரைந்த இயேசுவின் கடைசி விருந்து. துணியில் இல்லை, மரத்தில் வரைந்தது. ஐந்து பெரிய பாப்லர் பலகைகள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தண்ணீருக்குள் கிடந்தது.

வெள்ளம் வடிந்ததும் நீங்களும் நானும் என்ன செய்வோம்? மொட்டை மாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் சுள்ளென்ற வெயிலில் காய வைப்போம். 2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வடிந்த தெருக்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி ஞாபகம் இருக்கும்.

ஃப்ளாரன்ஸ் நிபுணர்கள் நேர் எதிராகச் செய்தார்கள். பிட்டி அரண்மனைக்குப் பின்னால் போபோலி தோட்டம் இருக்கிறது. அங்கே எலுமிச்சைத் தொட்டிகளைக் குளிர் தாக்காமல் வைக்க ஒரு நீளமான கூடம் உண்டு. அதைக் காலி செய்து, நனைந்த மர ஓவியங்களுக்கு ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். உள்ளே காற்றில் ஈரத்தை வேண்டுமென்றே ஏற்றி வைத்தார்கள். பிறகு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள்.

ஏன் இந்தக் கூத்து? மரத்தைத் தண்ணீர் கெடுப்பதைவிட அவசரம் அதிகமாகக் கெடுக்கிறது. நனைந்த பலகை அகலவாக்கில் உப்பும். நீளவாக்கில் அநேகமாக மாறாது. வெயிலில் வைத்தால் மேல்தோல் உடனே காய்ந்து சுருங்கப் பார்க்கும். உள்ளே இன்னும் ஈரம், உப்பல். மேல்தோல் எங்கே போகும்? விரிசல் விடும். ஒரு பக்கம் மட்டும் காய்ந்தால் பலகை கிண்ணம் மாதிரி வளையும். மர வாடிகளில் அறுத்த பலகைகளுக்கு நடுவே குச்சி வைத்து நிழலில் அடுக்கியிருப்பார்களே, அதுவும் இதற்காகத்தான்.

வசாரிக்கு இன்னொரு சங்கடம். பலகைக்கும் வண்ணத்துக்கும் நடுவே ஜிப்சமும் பிராணிப் பசையும் குழைத்த வெள்ளைப் பூச்சு ஒன்று இருந்தது. நம் ஆசாரிகள் ஒரு காலத்தில் உருக்கி ஊற்றிய வஜ்ஜிரம் இருக்கிறதே, அந்த ஜாதிப் பசை. தண்ணீர் பட்டால் இளகிவிடும். பிடிப்பு போச்சு. காயும்போது மரம் சுருங்கியது, வண்ணம் சுருங்கவில்லை. இடம் போதாமல் மேலெழும்பி நின்றது. உதிராமல் இருக்க முன்னாலேயே மெல்லிய காகிதத்தை வண்ணத்தின் மேல் ஒட்டியிருந்தார்கள். அப்படியே கிடங்கில் வைத்துவிட்டார்கள். எப்படிச் சரி செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை!

உங்கள் வீட்டு அலமாரி அவ்வளவு சிக்கல் இல்லை. முதல் வேலை, சேறு காய்ந்து ஒட்டுவதற்கு முன் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தெடுப்பது. கதவுகளைத் திறந்து வையுங்கள், தட்டுகளைக் கழற்றுங்கள். டிராயர் சிக்கிக்கொண்டால் முன்னாலிருந்து இழுத்துப் பிடுங்காதீர்கள், கைப்பிடிதான் கையோடு வரும். பின்பலகையின் ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டு உள்ளேயிருந்து தள்ளுங்கள். நான்கு கால்களுக்கும் செங்கல் கொடுத்து, நிழலில், ஜன்னல் திறந்த அறையில் வைக்க வேண்டும். ஃபேன் ஓடலாம், மரத்தின் முகத்திலேயே அடிக்க வேண்டாம். இரண்டு நாளில் பூஞ்சை தலைகாட்டும். மூக்கைக் கட்டிக்கொண்டு துடைத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

எப்போது காய்ந்தது என்று எப்படித் தெரியும்? அகலமான பலகை ஒன்றை டேப்பால் அளந்து வாராவாரம் காலண்டரில் குறித்து வாருங்கள். அளவு குறைவது நின்ற பிறகுதான் பாலிஷ், ஒட்டு வேலை எல்லாம். கனமான தேக்கு என்றால் மாதங்கள்கூட ஆகலாம். தாத்தா காலத்து மேஜையில் இணைப்புகள் விட்டுப்போனால் பதற வேண்டாம். வஜ்ஜிரம் இளகியிருக்கிறது, அவ்வளவுதான். ஆசாரி பழைய பசையைச் சுரண்டிவிட்டு மறுபடி ஒட்டி இறுக்கிக் கட்டிவிடுவார். மேலே தெரியும் வெள்ளை வட்டம் பெரும்பாலும் பாலிஷுக்குள் மாட்டிய ஈரம். காய்ந்ததும் ஸ்பிரிட் பாலிஷ் தொட்ட துணியால் லேசாகத் தேய்த்தால் அரக்குப் பாலிஷ் போட்ட மரத்தில் பல சமயம் போய்விடும். கறுப்புக் கறை என்றால் மரத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது என்று அர்த்தம். அது கைதேர்ந்தவர் வேலை. ஊறிப்போன பார்ட்டிகிள் போர்டு அலமாரிக்கு மட்டும் வைத்தியமே கிடையாது. மரத்தூளைப் பசையில் அழுத்திச் செய்த பண்டம் ஒருமுறை உப்பினால் பழைய உருவத்துக்குத் திரும்பாது.

வசாரியின் பலகைகள் சுமார் நாற்பது வருஷம் காத்திருந்தன. ஃப்ளாரன்ஸிலேயே இருக்கும் ஓபிஃபிச்சோ என்ற அரசாங்கப் பழுதுபார்ப்பு நிறுவனம் 2000-களில் அவற்றைக் கையில் எடுத்தது. அமெரிக்காவின் கெட்டி அறக்கட்டளை பண உதவி செய்தது. சுருங்கிய பலகைகளுக்குள் மெல்லிய பாப்லர் சிம்புகளைச் செருகி, மரத்தை வண்ணத்தின் அளவுக்கு அகலப்படுத்தினார்கள். பிறகுதான் எழும்பி நின்ற வண்ணத்தைப் படிய வைக்க முடிந்தது.

2016, நவம்பர் 4 அன்று, சரியாக ஐம்பது வருஷம் கழித்து, ஓவியம் சான்டா குரோச்சேவுக்கே திரும்பியது. இந்தத் தடவை சும்மா மாட்டவில்லை. ஆர்னோ மறுபடி உள்ளே வந்தால் ஓவியத்தை மேலே தூக்கிவிட, பின்னால் ஒரு விஞ்ச் பொருத்தியிருக்கிறார்கள்.