ஜொகூர் பாருவில் கைப்பேசி பழுதுபார்ப்பு

1990களின் நடுவில் மலேசியாவில் ஜிஎஸ்எம் கைப்பேசிச் சேவை வந்தபின், ஜொகூர் பாருவில் கைப்பேசிக் கடைகள் பெருகின. ஹாலிடே பிளாசா போன்ற வளாகங்களில் விற்பனையும் பழுதுபார்ப்பும் அருகருகே நடந்தன. 1924இல் திறக்கப்பட்ட ஜொகூர் கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூரரும் வந்தனர். ரிங்கிட்டில் கூலி அவர்களுக்கு மலிவு.

தொடக்கத்தில் வேலை எளிது. 2000இல் வெளிவந்த நோக்கியா 3310இன் பின்மூடியைக் கையாலேயே கழற்றி பேட்டரியை மாற்றலாம். 2007இல் ஐபோன் பேட்டரியை உள்ளே அடைத்தது. 2014இன் சாம்சங் கேலக்சி எஸ்5 நீரையும் தாங்கியது, பேட்டரியைக் கழற்றவும் விட்டது. மறு ஆண்டு வந்த எஸ்6, மெல்லிய கண்ணாடி உடலுக்காக இரண்டையும் கைவிட்டது.

அதன்பின் கடைக்காரரின் கருவிகளும் மாறின. சூட்டில் பசையை இளக்கி, உறிஞ்சுகிண்ணத்தால் கண்ணாடியைத் தூக்கி, மெல்லிய தகட்டை விளிம்பில் ஓட்ட வேண்டியதாயிற்று. மீண்டும் ஒட்டினாலும் பழைய நீர்க்காப்பு உறுதியில்லை.

இந்தப் போக்குக்கு மாறாக, ஆம்ஸ்டர்டாமின் ஃபேர்போன் நிறுவனம் 2015இல் பகுதி பகுதியாகக் கழற்றும் கைப்பேசியை விற்றது. பழுதுபார்க்கும் வசதியைப் பாராட்டியவர்களே அதன் தடிமனையும் விலையையும் குறை கூறினர். 2021இல் அந்நிறுவனம் இயர்போன் துளையை நீக்கியபோதும் எதிர்ப்பு எழுந்தது.

மலேசியாவின் 2005ஆம் ஆண்டு விதிகள் மின்னணுக் கழிவைக் கட்டுப்பாட்டுக்குரிய ‘பட்டியலிட்ட கழிவு’ ஆக்கின. அவ்விதிகள் பொருளைத் தூக்கியெறிந்த பின்னரே பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியமோ 2025 ஜூன் முதல், ஒரு மாடலின் விற்பனை நின்றபின்னும் 7 ஆண்டுகள் உதிரிபாகம் தர வேண்டும் என்கிறது.