பதினொரு பிள்ளைகள்

கால்பந்தாட்டத்தைப் பற்றி எழுத எனக்கு ஒரு யோக்கியதையும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் என்னைக் கோலில் நிறுத்தினார்கள். ஓட முடியாதவனை வேறு எங்கே நிறுத்துவது? பந்து வருகிற திசைக்கு நேர் எதிர்த் திசையில் பாய்வதில் எனக்கு அலாதித் திறமை உண்டு என்று டிரில் வாத்தியாரே ஒப்புக்கொண்டிருக்கிறார். ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம். எந்தப் பெயர்ப் பட்டியலைக் கண்டாலும், 'இவர்கள் எல்லாம் பிறகு என்ன ஆனார்கள்?' என்று கேட்கத் தோன்றும். கல்யாணப் பத்திரிகையானாலும் சரி, பரீட்சை முடிவானாலும் சரி. அப்படித்தான் 1953-ஆம் ஆண்டு மே மாதத்துப் பந்தாட்டப் பட்டியல் ஒன்று என்னைப் பிடித்துக்கொண்டது.

பட்டியலில் பதினொரு பெயர்கள். கார்டன் கிளேட்டன், பிரயன் ஃபுல்டன், பாடி கென்னடி, எடி கோல்மன், ரோனி கோப், டங்கன் எட்வர்ட்ஸ், நோயல் மக்ஃபார்லண்ட், பில்லி வீலன், எடி லூயிஸ், டேவிட் பெக், ஆல்பர்ட் ஸ்கான்லன். இங்கிலாந்தில் மான்செஸ்டர் யுனைடெட் கிளப்பின் இளைஞர் கோஷ்டி இது. பதினாறு, பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளைகள். அந்த நாட்டின் கால்பந்துச் சங்கம் இளைஞர் கோப்பை என்று ஒரு போட்டியைப் புதிதாக ஏற்படுத்திய முதல் வருஷம் அது. இறுதி ஆட்டத்தில் உல்வர்ஹாம்ப்டன் பையன்களை இவர்கள் தங்கள் மைதானத்தில் ஏழுக்கு ஒன்று என்று தோற்கடித்தார்கள். இரண்டாம் ஆட்டத்தில் இரண்டுக்கு இரண்டு. ஆக ஒன்பதுக்கு மூன்று; கோப்பை கைக்கு வந்தது. அந்தப் போட்டியின் ஆரம்பச் சுற்று ஒன்றில் நான்ட்விச் என்ற சிற்றூரின் பையன்கள் வந்து அகப்பட்டுக்கொண்டார்கள். அன்றைக்கு விழுந்த கோல் இருபத்து மூன்று. திருப்பிக் கொடுத்தது பூஜ்யம். அந்த ஊர்க் கோல் காவலனை நினைத்தால் எனக்குச் சொந்தக்காரன் மாதிரி ஒரு பாசம் வருகிறது.

இந்த வெற்றி எங்கிருந்து வந்தது என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். யுத்த காலத்தில், 1941 மார்ச்சில், ஜெர்மன் குண்டுகள் விழுந்து இந்தக் கிளப்பின் ஓல்டு டிராஃபோர்டு மைதானம் இடிந்து போயிற்று. 1949 வரையில் பக்கத்துக் கிளப்பின் மைதானத்தில்தான் அவர்கள் ஒண்டுக்குடித்தனம். அந்த நிலையில் 1945-இல் மாட் பஸ்பி என்ற ஸ்காட்லாந்துக்காரர் நிர்வாகியாக வந்தார். சுரங்கத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. அதே வருஷம் இத்தாலியில் பாரி நகரத்தில், சிப்பாய்களுக்கு நடுவே ஒரு வேல்ஸ்காரர் கால்பந்தைப் பற்றி ஆவேசத்தோடு பேசிக்கொண்டிருந்ததைப் பஸ்பி கேட்டார். இந்த மனிதன் நமக்கு வேண்டும் என்று அங்கேயே தீர்மானித்துவிட்டார். அவர்தான் ஜிம்மி மர்பி.

பிறர் வளர்த்த ஆட்டக்காரனைப் பணம் கொடுத்து வாங்குவது அப்போதும் வழக்கந்தான். பஸ்பியும் வாங்காதவர் அல்ல. டாமி டெய்லர் என்பவரை 1953-இல் 29,999 பவுனுக்கு வாங்கினார். முப்பதாயிரம் பவுன் ஆள் என்ற பாரம் பையன் தலையில் ஏறக்கூடாது என்று ஒரு பவுனைக் குறைத்து, அந்தப் பவுனை டீ கொண்டுவந்த அம்மாளிடம் கொடுத்தாராம். ஆனாலும் அவருடைய நம்பிக்கை வேறு இடத்தில் இருந்தது. பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டு வரும் பையனைப் பிடிப்பது. எல்லா வயதுக் கோஷ்டிகளுக்கும் ஒரே முறையில் ஆட்டத்தைக் கற்றுக்கொடுப்பது. தயாரானவனை வயதைப் பார்க்காமல் மேலே ஏற்றிவிடுவது. இருபத்திரண்டு வயதுக்கு முன் பெரிய ஆட்டத்தில் இறக்குவது ஆபத்து என்று மற்றவர்கள் எண்ணிய காலம் அது. பதினேழு வயதுக்கு உட்பட்டவனோடு சம்பள ஒப்பந்தம் செய்யவும் விதி இடம் கொடுக்காது. ஆகையால் பையன்கள் மைதானத்து எடுபிடி வேலைக்கோ வேறு ஏதாவது தொழில் பழகவோ சேர்ந்து, ஒரு வீட்டில் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் ஏற்பாடு செய்துகொண்டு, மிச்ச நேரத்தில் பந்து பழகினார்கள்.

அந்த மிச்ச நேரந்தான் மர்பியின் ராஜ்யம். பஸ்பி மெதுவாகப் பேசுகிறவர். மர்பிக்கு அது தெரியாது. சால்ஃபோர்டில் 'கிளிஃப்' என்று ஒரு பயிற்சி மைதானம். அங்கே இருட்டின பிறகும் விளக்கு வெளிச்சத்தில், ஒரே உதையை நூறு தடவை உதைக்கச் சொல்லிக் கூச்சல் போடுவார். ஒரு பையன் நன்றாக ஆடினான் என்று அவர் சொல்லிக் கேட்பது அபூர்வம். நம் ஊர்ச் சங்கீத வித்வான்களிடம் குருகுலவாசம் செய்தவர்களுக்கு இந்த வைத்தியம் புரியும்.

அவரிடம் வந்து சேர்ந்தவர்களுள் டங்கன் எட்வர்ட்ஸை மட்டும் தனியாகச் சொல்லத்தான் வேண்டும். டட்லி என்ற ஊர்ப் பையன். உல்வர்ஹாம்ப்டன் மைதானம் அந்த ஊருக்குச் சில மைல் தூரம். தங்கள் கொல்லையில் விளைந்த பலாப்பழத்தை வேறொருவன் பறித்துக்கொண்டு போன கதையாக, அந்தக் கிளப்புக்காரர்களுக்கு ஆற்றாமை. பதினாறரை வயதில், 1953 ஏப்ரலில், முதல் டிவிஷன் ஆட்டத்தில் பெரியவர்களோடு இறங்கினான். அடுத்த மாதமே மறுபடி இளைஞர் கோஷ்டியில் பந்து உதைத்துக்கொண்டிருந்தான். 1955 ஏப்ரலில் இங்கிலாந்து தேசத்துக்காகவே ஆடினான். அப்போது வயது பதினெட்டு. அதற்குப் பிறகும் அதே மாதத்தில் திரும்பி வந்து இளைஞர் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் ஆடினான். நம்மில் ஒருவன் கலெக்டர் உத்தியோகம் பார்த்துவிட்டு, மறுநாள் பள்ளிக்கூட விவாதப் போட்டிக்குப் பெயர் கொடுப்பானா?

பாபி சார்ல்டன் பிற்காலத்தில் உலகப் புகழ் பெற்றவர். அப்போது இவர்களுக்கு இளையவர். அவர் விரும்பிச் சொன்ன கதை ஒன்று உண்டு. எல்லாப் பந்தையும் டங்கனிடமே தள்ளிவிடாதீர்கள், நீங்களே யோசித்து ஆடுங்கள் என்று மர்பி ஒரு நாள் பையன்களைக் கண்டித்து அனுப்பினாராம். பாதி ஆட்டம் முடிந்தது, காரியம் நடக்கவில்லை. இடைவேளையில் மர்பி வந்து, நான் சொன்னதை மறந்துவிடுங்கள், பந்தை டங்கனிடமே கொடுங்கள் என்றாராம்.

1953-இல் தொடங்கி 1957 வரையில் ஐந்து வருஷம், ஐந்து கோப்பை. போட்டி ஏற்பட்ட நாளிலிருந்து வேறு எவனும் அதைத் தொட்டதில்லை. 1956-இல் மட்டும் செஸ்டர்ஃபீல்டு பையன்கள் கொஞ்சம் ஆட்டிவைத்தார்கள். அவர்கள் கோலில் நின்றவர் கார்டன் பாங்க்ஸ்; பத்து வருஷம் கழித்து உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்துக்குக் கோல் காத்தவர். மேலே போன பிள்ளைகளைக் கொண்டே பெரிய கோஷ்டி 1956-இலும் 1957-இலும் தேசத்தின் லீக் பட்டத்தை வென்றது. 'பஸ்பியின் குழந்தைகள்' என்று பத்திரிகைக்காரர்கள் பெயர் வைத்தார்கள். பஸ்பிக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை.

இனி என் பட்டியலுக்கு வருகிறேன். முதல் வருஷத்துப் பதினொருவரில் எல்லோரும் மேலே போகவில்லை. ஃபுல்டன் பெரிய கோஷ்டியில் ஒரு ஆட்டங்கூட ஆடவில்லை. கென்னடிக்கு ஒன்று, மக்ஃபார்லண்டுக்கு ஒன்று. கிளேட்டனுக்கு இரண்டு. லூயிஸ் சில காலம் ஆடிவிட்டு 1955-இல் வேறு கிளப்புக்குப் போனான். தேறாத பிள்ளைகள் என்று ஊர் இவர்களைப் பற்றிப் பேசியிருக்கும். கதைகளில் இவர்களுக்காக நாம் பரிதாபப்படுவது வழக்கம். நானே அப்படி இரண்டு கதை எழுதியிருக்கிறேன்.

தேறியவர்கள்: எட்வர்ட்ஸ்; சால்ஃபோர்டுச் சந்து ஒன்றில் வளர்ந்த கோல்மன்; சுரங்கத் தொழிலாளியின் மகன் பெக்; ஸ்கான்லன்; டப்ளினிலிருந்து வந்த வீலன். வீலன் வந்ததே தற்செயல். 1953 இறுதி ஆட்டத்துக்குச் சற்று முன்னால் ஒரு பையனுக்கு அடிபட்டது. அந்த இடத்துக்கு அவசரமாகத் தேடிக் கொண்டுவந்த பிள்ளை அவன். 1956-57 பருவத்தில் லீக் ஆட்டங்களில் மட்டும் 26 கோல் போட்டான்.

1958 பிப்ரவரி 5-ந் தேதி பெல்கிரேடில் ஐரோப்பியக் கோப்பைக்கான ஆட்டம், மூன்றுக்கு மூன்று. அந்தப் போட்டியில் சேர்வதையே இங்கிலாந்தின் லீக் நிர்வாகம் விரும்பவில்லை. சனிக்கிழமை லீக் ஆட்டத்துக்குத் தாமதமானால் மன்னிப்புக் கிடைக்காது. முந்திய டிசம்பரில் பிராகிலிருந்து திரும்பும்போது மூடுபனியால் திண்டாடிப் போனார்கள். ஆகவே இந்தத் தடவை தனி விமானம் அமர்த்தியிருந்தார்கள். மறுநாள் எண்ணெய் போடுவதற்காக ம்யூனிக்கில் விமானம் இறங்கியது. வெளியே உறைபனி. இரண்டு தடவை ஓடிப் பார்த்து எழும்பாமல் நின்றுவிட்டது. எல்லோரும் இறங்கி நிலையத்துக்குள் வந்தார்கள். இன்று கிளம்ப முடியாது என்றே பலர் எண்ணினார்கள். எட்வர்ட்ஸ் தான் தங்கியிருந்த வீட்டு அம்மாளுக்கு, விமானம் ரத்து, நாளை வருகிறேன் என்று தந்தி கொடுத்தான். சிறிது நேரத்தில் மறுபடி கூப்பிட்டார்கள். மூன்றாவது ஓட்டத்தில் விமானம் மேலே எழும்பாமல் வேலியை உடைத்துக்கொண்டு போய் ஒரு வீட்டில் மோதிற்று.

இறந்தவர் 23 பேர். ஆட்டக்காரர்கள் எட்டுப் பேர். கோல்மனுக்கு வயது இருபத்தொன்று. பெக்குக்கும் வீலனுக்கும் இருபத்திரண்டு. ஸ்கான்லன் மண்டை உடைந்து பிழைத்தான். அடுத்த பருவத்தில் ஒரு லீக் ஆட்டங்கூடத் தவறாமல் ஆடினான். எட்வர்ட்ஸ் ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் போராடிவிட்டுப் போனான். தந்தி மான்செஸ்டர் வந்து சேர்ந்தபோது விபத்து நடந்து முடிந்திருந்தது.

இறக்கையில் உறைந்த பனியைத் துடைக்கவில்லை என்று விமானி ஜேம்ஸ் தெயின்மேல் ஜெர்மன் விசாரணை குற்றம் சாட்டியது. ஓடுபாதையில் கிடந்த பனிச்சேறுதான் காரணம், அவர்மேல் பிசகில்லை என்று பிரிட்டிஷ் விசாரணை முடிவு சொன்னது 1969-இல். அதற்குப் பிறகு ஆறு வருஷந்தான் அவர் உயிரோடு இருந்தார்.

மர்பி அந்த விமானத்தில் இல்லை. வேல்ஸ் தேசத்துக் கோஷ்டிக்கும் அவரே பொறுப்பு. பெல்கிரேடு ஆட்டத்தன்று கார்டிஃபில் இஸ்ரேலுடன் ஆட்டம் இருந்தது. வழக்கமாகப் பஸ்பிக்குப் பக்கத்தில் அவர் உட்காரும் இடத்தில் இன்னொரு பயிற்சியாளர், பெர்ட் வாலி, உட்கார்ந்து போனார், திரும்பவில்லை. பஸ்பி ம்யூனிக்கில் உயிருக்கு மன்றாடிக்கொண்டிருக்க, மர்பி ஒற்றை ஆளாக மான்செஸ்டரில் ஒரு கோஷ்டியைத் திரட்டினார். எங்கே தேடுவது? மறுபடியும் இளைஞர் கோஷ்டியில்தான் கைவைத்தார். பிள்ளைகளை மேலே கொடுத்துவிட்ட அந்தக் கோஷ்டி, அந்த வருஷத்து அரையிறுதியில் முதல் தடவையாகக் கோப்பையை இழந்தது. தோற்கடித்தவர்கள் அதே உல்வர்ஹாம்ப்டன் பையன்கள். பஸ்பி பிழைத்து வந்து, 1968-இல் ஐரோப்பியக் கோப்பையை வென்றது வேறு கதை. ம்யூனிக்கில் பிழைத்த சார்ல்டனும் ஃபௌல்க்ஸும் அந்த ஆட்டத்தில் இருந்தார்கள்.

விபத்துக்குப் பதின்மூன்றாம் நாள், பிப்ரவரி 19-ந் தேதி இரவு, ஓல்டு டிராஃபோர்டில் ஷெஃபீல்டு வெட்னஸ்டே கிளப்புடன் ஆட்டம். ஏறக்குறைய அறுபதினாயிரம் ஜனங்கள். வாசலில் விற்ற ஆட்டப் பத்திரிகையில் எதிராளியின் பெயர்கள் அச்சாகியிருந்தன. யுனைடெட்டின் பக்கத்தில் ஒரு பெயரும் இல்லை. பதினொரு வெற்றிடங்கள் மட்டும். அச்சுக்குப் போகிற வரையில் யார் ஆடுவார்கள் என்று மர்பிக்கே தெரியாது. ஒலிபெருக்கியில் ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, ஜனங்கள் பென்சிலால் எழுதிக்கொண்டார்கள். ஐந்தாவது வெற்றிடத்துக்கு வந்தபோது சொன்ன பெயர், என் பட்டியலில் ஐந்தாவதாக இருக்கிறதே, அதே பெயர்: ரோனி கோப்.